டொக்டர் ஓடின கார்

களுவாஞ்சிக்குடியில் பாவித்த கார் ஒன்று தேடுவதாகத் தேநீர்க் கடையில் வாய் திறந்தால் போதும், மறுநாள் விடியத் தரகர் வாசலில் நிற்பார். சேர்ட் பையில் இரண்டு போன், கக்கத்தில் பிளாஸ்ரிக் கோப்பு. அவர் கொண்டுவரும் காரைச் சாதாரண மனிசர் யாரும் ஓடியதே இல்லை. டொக்டர் ஓடியிருப்பார், தவறினால் கல்லூரி அதிபர்.

"கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான் மனே ஓடினது. சேர்விஸ் ரெக்கோட் முழுக்க இருக்கு."

இருக்கிறது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு சீல், நான்கு வருடத்துக்கும் ஒரே நீலப் பேனா. மீற்றர் 62,000 காட்டுகிறது. பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து இரும்பு தெரிகிறது. டொக்டர் கோயில் வரைக்கும் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை போலும்.

விஷயம் தெரிந்த ஆள் நேரே 2022ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டுவார். ஓகஸ்ட் தொடக்கத்தில் 45,000இல் ஒரு சேர்விஸ், செப்ரெம்பர் தொடக்கத்தில் 50,000இல் அடுத்தது. நாடே கியூஆர் காட்டி எண்ணெய் அடித்த காலம் அது. காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்று தாராளமாகப் போட்டாலும் நாலு வாரத்துக்கு 1,200தான் வரும்.

"அதுக்குத்தானே மனே டொக்டர் எண்டு சொன்னன்! அவருக்குப் பெற்றோல் இல்லையெண்டு ஆர் சொல்லுவான்?"

பதிவுச் சான்றிதழான சீஆரைக் கேட்டால் அதிலும் ஒரே ஓனர்தான். பெயர் மாற்றாமல், திகதி போடாத படிவத்தில் ஒப்பம் வாங்கி 'ஓபன் பேப்பரில்' மூன்று கை மாறினாலும் சீஆருக்கு முதல் ஆளை மட்டும்தான் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் தனியார் கார்கள் திரும்ப வரும்வரை இதையெல்லாம் கிளற யாருக்கும் துணிவு இருக்கவில்லை. கேள்வி கேட்பவருக்குப் பின்னால் காசோடு இன்னொருவர் நின்றார்.

தரகரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய கார்ஃபக்ஸ் காரின் வரலாற்றையே அறிக்கையாக விற்கிறது. ஆனாலும் கராஜ்காரர் அறிவிக்காத வேலை அதில் ஏறாது. பொய் மீற்றரோடு அங்கே ஆண்டுக்கு 450,000க்கு மேற்பட்ட வாகனங்கள் விலைப்படுவதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகமே கணக்குச் சொல்கிறது. நம்மூர் வேப்பமர நிழல் கராஜில் பாஸ் பார்த்த வேலையை யார் எங்கே பதிவது?

பட்டிருப்புப் பாலம் வரை ஓடிப் பார்த்துத் திரும்பியாயிற்று. இறங்கும்போது கதவு நிலையில் எண்ணெய்க் கறையோடு ஒரு ஸ்ரிக்கர் கண்ணில் படுகிறது: 'அடுத்த ஒயில் 138,000'.

தரகர் குனிந்து பார்க்கிறார். பெருவிரல் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, முழுதாக உரித்து, உருட்டி, சேர்ட் பைக்குள் போடுகிறார்.

"சேர்விஸ் பொடியன் மாறி ஒட்டிப்போட்டான், மனே. அது கிடக்கட்டும், எவ்வளவுக்குக் கேக்கிறீங்க?"