போர்டு போச்சு, டிஸ்க் இருக்கு

"போர்டு போச்சு சார்" என்றார் சர்வீஸ்காரர். மாற்ற 14,000 ஆகுமாம். லேப்டாப்புக்கு வயது ஒன்பது. கீல் ஒடிந்து, திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் இரண்டு வருஷமாகக் காலம் தள்ளியது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் மட்டும் நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

நான் எதையும் தூக்கிப் போடாத ரகம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து, பிஸ்கட் டின்னில் தையல் சாமான் என்று வளர்ந்த உடம்பு. 500 ஜிபியைக் காயலான் கடைக்குக் கொடுக்க மனசு வருமா?

கூடத்தில் வேட்டியை விரித்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டேன். அடியில் பதினோரு ஸ்க்ரூ. எல்லாம் எள்ளுக்கு அண்ணன் அளவு. கழற்றியதை மனைவியின் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். இதற்கு மறுநாள் காலை தனி விசாரணை நடந்தது. டிஸ்க்கை அதன் தகரச் சட்டத்தோடு லேசாகப் பின்னுக்கு இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. சீட்டுக்கட்டு அளவு.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி.

"லேசா நினைக்காதே. 1956-ல ஐபிஎம் கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க் விட்டான். இரண்டடி அகலத்துல ஐம்பது தட்டு. எடை கிட்டத்தட்ட ஒரு டன். அதுல அடங்கினது ஐம்பது லட்சம் எழுத்துதான்."

"நல்லவேளை, நீங்க அப்பப் பொறக்கலை. அதையும் வீட்டுக்குக் கொண்டாந்திருப்பீங்க" என்றாள். மறுக்க முடியவில்லை.

டிஸ்க்குக்குச் சட்டை வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கேஸ் என்பார்கள், உள்ளே டிஸ்க்கைச் சொருகினால் வெளியே யுஎஸ்பி வால். கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெண்டரை இஞ்சா, மூன்றரையா? சாட்டாவா? ஏழு எம்எம்மா, ஒன்பதரையா?" என்று அடுக்கினான். மாப்பிள்ளை கோத்திரம் கேட்ட பெண் வீட்டார் முன் நிற்பதுபோல் விழித்தேன். டிஸ்க்கையே கொண்டு போயிருக்கலாம். வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனவன் நான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, "இவ்வளவு தடிமன்" என்றேன். 350 சொன்னான், 250-க்குப் பேசி முடித்தேன். போக வர ஆட்டோ 320.

மருமகனின் கம்ப்யூட்டரில் செருகினேன். சன்னமாக ஒரு சுழல் சத்தம். உயிர் வந்துவிட்டது! ஆனால் கொள்ளளவு 465 என்று காட்டியது. ரேஷன் கடைத் தராசுகூட இப்படி அடித்ததில்லை. "கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணும். அவ்வளவுதான் மாமா" என்றான் அவன். எண்ணிக்கை வேறானால் 35 ஜிபி காணாமல் போகுமாம். இதைப் பால்காரரிடம் சொல்லிவிடக் கூடாது.

அடுத்ததுதான் அவமானம். என் பெயரிட்ட ஃபோல்டரைத் தட்டினால், இதைத் திறக்க உங்களுக்கு அனுமதியில்லை என்றது. என் டிஸ்க், என் பெயர், என் கல்யாண போட்டோ! விஷயம் என்னவென்றால், விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீள எண் கொடுத்து, பூட்டை அந்த எண்ணுக்குத்தான் எழுதி வைக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் எண் வேறு. போன ஜென்மத்து நான் பூட்டியதை இந்த ஜென்மத்து நான் திறக்கக் கூடாதாம். மருமகன் எங்கெங்கோ தட்டி, உரிமையாளர் பெயரை மாற்றினான். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம். பத்திரப் பதிவுக்கே இவ்வளவு உட்கார்ந்ததில்லை.

திறந்தால் பொக்கிஷம். 'பேக்கப்' என்றொரு ஃபோல்டர், அதற்குள் 'பழைய பேக்கப்', அதற்குள் 'பேக்கப் ஃபைனல்'. மூன்றிலும் அதே 2014 கொடைக்கானல். அனுப்பாத ராஜினாமாக் கடிதம் நான்கு. வீட்டுக்கடன் கணக்கு ஒன்று. அதை மட்டும் திறக்கவில்லை.

படம் பார்க்கலாமென்று டிவியில் மாட்டினேன். 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரிச் சகுனம் சொன்னதே தவிர, சுற்றவில்லை. பழைய டிவியின் யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். தட்டு கிளம்பும்போது டிஸ்க்குக்கு அதற்கு மேல் தேவை. இரண்டு துளையில் செருகும் இரண்டு தலை வயர் 150 ரூபாய். அதற்கும் ஒரு ஆட்டோ.

இப்போது டிஸ்க் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. போன ஞாயிறு மருமகன் வந்தபோது பெருமையாக எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, காதோரம் வைத்து, "ஒன்பது வருஷம் ஓடினது மாமா, எப்ப வேணா நிக்கும். இதுக்கு இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க" என்றான்.

எதிர் வீட்டு சாரின் லேப்டாப் இரண்டு நாளாக ஆன் ஆகவில்லையாம். சாயங்காலம் ஒரு எட்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வர வேண்டும். குங்குமச் சிமிழையும் கையோடு எடுத்து வைத்திருக்கிறேன்.