இவ்வாண்டு மாடலும் வரும் ஆண்டு மாடலும்: ரோடு பைக் வாங்குவோர் மதபேதம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கடையில் நிற்கும் ரோடு பைக்கை இன்றே வாங்குவதா, வரப்போகும் மாடலுக்காகப் பொறுத்திருப்பதா என்னும் விசாரத்தைச் சில்லறைச் சங்கதி என்று ஒதுக்குபவர் உண்டு. அன்னார் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனவர்கள் அல்லர். முட்டுக்காட்டுக்கு அருகே டீக்கடை வாசலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி நடக்கும் வாதத்தைக் கேட்டவர்களும் அல்லர். வடகலை, தென்கலை வழக்குக்கு அடுத்தபடியாக நம்மூரில் தீர்ப்பே வராத வழக்கு இதுதான்.

உவமையும் அங்கிருந்தே கிடைக்கிறது. வடகலையார் சொல்லும் குரங்குக்குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். இவ்வாண்டு மாடலினர் முதல் வகை. கண்ணெதிரே இருக்கும் ஹேண்டில்பாரைப் பிடித்தால் விடமாட்டார்கள். வரும் ஆண்டு மாடலினர் இரண்டாம் வகை. கம்பெனி என்றாவது ஒருநாள் வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிப் போகும் என்று கண்ணை மூடிக் கிடப்பார்கள். இரு சாராரும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்றே. அது பில் போடும் கவுன்ட்டர்.

மாடலுக்கு ஆண்டு குறிக்கும் பழக்கத்தைக் கார்க்காரர்கள் கண்டுபிடித்ததாகப் பொதுவில் ஒரு நம்பிக்கை. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் அதைப் பெரிய வித்தையாக வளர்த்தது மெய்தான். ஆனால் 1890களில், அமெரிக்கா முழுக்கச் சைக்கிள் பைத்தியம் பிடித்தாடிய நாளிலேயே, சைக்கிள் கம்பெனிகள் வருஷா வருஷம் புது மாடல் இறக்கி, போன வருஷத்து வண்டிக்காரரைக் கூச வைத்துவிட்டன. ஆகவே நாம் ஆராயும் நோய் காரிலிருந்து தொற்றியது அன்று, சைக்கிளின் குலச்சொத்து.

பொதுப்படப் பேசினால் ஆராய்ச்சி நகராது. ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்: ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் டார்மாக். எஸ்எல்6 வந்தது 2017-இல், எஸ்எல்7 2020-இல், எஸ்எல்8 2023 ஆகஸ்டில். மூன்றாண்டுக்கு ஒன்று, பஞ்சாங்கம் பிசகாமல். 2023 கோடையில் எஸ்எல்7 கடையில் நின்றது, எஸ்எல்8 வதந்தியில் நின்றது. புது ஃபிரேமைப் பந்தயத்தில் ஓட்டவேண்டுமானால் யூசிஐ என்னும் உலகச் சைக்கிள் சங்கம் ஒப்ப வேண்டும். ஒப்பியவற்றின் பட்டியலைச் சங்கம் பகிரங்கமாகவே வெளியிடுகிறது. எஸ்எஸ்எல்சி ரிசல்ட்டைக்கூட இத்தனை கவனமாகப் பார்த்திராதவர்கள் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படிப்பார்கள்.

புதிய எஸ்எல்8-இல் என்ன புதுமை எனின், முதலாவது மூக்கு. ஹெட் டியூப் காற்றைப் பிளப்பதற்காக முன்பக்கம் புடைத்து வந்திருக்கிறது. கம்பெனி அதற்கு 'ஸ்பீடு ஸ்னிஃபர்' என்று நாமகரணமும் செய்தது. முதல் தடவை பார்ப்பவர் முகம் சுளிப்பார். கொஞ்ச நாள் பழகிய பிறகு மூக்கில்லாத வண்டியைப் பார்த்தால்தான் அவருக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது எடை. உச்ச வகையான எஸ்-ஒர்க்ஸ் ஃபிரேம் சுமார் 800 கிராமிலிருந்து 685 கிராமுக்கு இறங்கியது. வித்தியாசம் 115 கிராம். பாட்டிலிலிருந்து மூன்று மடக்குத் தண்ணீர் குடித்தால் எஸ்எல்7 அங்கேயே எஸ்எல்8 ஆகிவிடும். குடித்த தண்ணீர் வயிற்றில்தானே கிடக்கிறது எனின், வியர்க்கும்வரை பொறுக்க. சென்னையில் அதற்கு நேரம் பிடிக்காது.

மூன்றாவது வேகம். இங்கேதான் ஆராய்ச்சி சூடு பிடிக்கிறது. எஸ்எல்6-ஐவிட எஸ்எல்7, 40 கிலோமீட்டருக்கு 45 விநாடி மிச்சம் பிடிக்கும் என்றது கம்பெனி. எஸ்எல்7-ஐவிட எஸ்எல்8 அதே தூரத்துக்கு 16.6 விநாடி மிச்சம் பிடிக்கும் என்றது. அந்தப் புள்ளி ஆறு நம் உள்ளத்தைத் தொடுகிறது. பதினாறு என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

இக்கணக்குக்கு இருவகை உரை உண்டு. கூட்டல் உரைகாரர் சொல்வது: இரண்டுக்கும் சராசரி ஒரு தலைமுறைக்கு 30.8 விநாடி. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 40 கிலோமீட்டரைக் கடக்க 3,200 விநாடி ஆகும். ஆக, 104 தலைமுறை கழிந்தால் அந்த 3,200-உம் கரைந்துபோகும். தலைமுறைக்கு மூன்றாண்டு வீதம் 312 ஆண்டு. அதாவது 2335-இல் வாங்குபவர் திருவான்மியூரில் பெடலை மிதித்த கணமே மாமல்லபுரத்துப் பக்கம் இறங்குவார். 2338 மாடலை வாங்குபவர் கிளம்புவதற்கு அரை நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவதால், அவர் கிளம்பவே வேண்டியதில்லை. வரும் ஆண்டு மாடலினரின் மோட்சம் இது.

பெருக்கல் உரைகாரர் இதை மறுக்கிறார். 45 போய் 16.6 வந்தது தேய்மானம் அல்லவா? இதே வீதத்தில் தேய்ந்தால் எஸ்எல்9-க்கு 6 விநாடி சொச்சம், எஸ்எல்10-க்கு 2 விநாடி சொச்சம். இப்படிப் பிரளயகாலம் வரை வரப்போகும் அத்தனை மாடல்களின் மிச்சத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் 10 விநாடி தேறாது. பாலவாக்கத்தில் ஒரு மாடு சாலையைக் கடக்க எடுக்கும் நேரம்கூட இல்லை. இவ்வாய்வாளர் பெருக்கல் உரையையே கொள்கிறார். ஆனால் கூட்டல் உரைக்குத்தான் கூட்டம் அதிகம்.

நிற்க. காத்திருந்தவர் வென்ற வழக்கும் உண்டு. மறைத்தால் ஆராய்ச்சி ஆகாது. 2021-இல் கியர் செய்யும் ஷிமானோ கம்பெனி தன் அல்டெக்ரா கியர் தொகுதியை 12 கியராக்கியபோது கேபிளை எடுத்துவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தது. 2022-இல் அதன் நடுத்தர வர்க்கத்துத் தொகுதியான 105-உம் 12 கியரோடு மின்சாரமாகவே வந்தது. கேபிளுக்குக் காலம் முடிந்தது என்று எல்லாரும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். 2023-இல் அதே 105 கேபிளோடு 12 கியரில் வந்து நின்றது. காத்திருந்த பூனைக்குட்டிகளின் முகத்தில் அன்றைக்கு ஒரு தேஜஸ். இடையில் ஓட்டாமல் விட்ட கிலோமீட்டரை யாரும் கேட்கவில்லை.

ஓட்டிக்கொண்டே காத்திருந்தவர் வென்றதும் உண்டு. பெடல் கைகளை இணைக்கும் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை மரை போட்டு முறுக்குவது தாத்தா காலத்து வழி. பிற்பாடு அழுத்திச் செருகும் வகை வந்தது, எஸ்எல்6-இல் அதுதான். அது கிரீச்சிட்டால் மெக்கானிக்குக்குச் செருகுவதும் உருவுவதுமே பிழைப்பு. எஸ்எல்7 மறுபடி மரைக்கே திரும்பியது. புது மாடலின் பெரிய புதுமை பழைய மாடலாக இருப்பதே என்னும் இச்செய்தியை இரு கட்சியாரும் அதிகம் பேசுவதில்லை.

கள ஆய்வில் கிடைத்த உரையாடல் ஒன்றை இங்கே தருவது தகும். கேட்பவர் முதல் ரோடு பைக் வாங்கப்போகும் தம்பி. சொல்பவர் வாங்காமலே மூன்று தலைமுறையைக் கரைத்துக் குடித்தவர்.

"ப்ரோ, அவசரப்படாதீங்க. ஆகஸ்ட்ல புதுசு வருது."

"வந்தா?"

"வந்தா பழசு விலை இறங்கும்ல? அப்ப பழசையே வாங்கிக்கலாம்."

புதியதுக்குக் காத்திருந்து பழையதை வாங்கும் இம்மூன்றாம் மார்க்கத்தை முன்னோர் எவரும் வகுத்ததாகத் தெரியவில்லை. பணக்கணக்கில் மூன்றிலும் அறிவுள்ளது இதுதான். புது மாடல் வந்ததும் பழையதைக் கடையிலிருந்து கிளப்ப விலையைக் குறைக்கத்தான் வேண்டும். குறைந்த காசில் நல்ல டயரும் ஷூவும் வாங்கலாம். 16.6 விநாடியில் பாதியையாவது அந்த டயர் மீட்டுக் கொடுக்கும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம்.

இதில் ஒரே ஒரு குறை. டார்மாக் 44, 49, 52, 54, 56, 58, 61 என்று அளவில் வருகிறது. நம்மூர் நடுத்தர உயரத்து ஆண்களில் பலருக்குப் பொருந்துவது 54-உம் அதன் அக்கம்பக்கமும். ஆகவே தள்ளுபடிப் பலகை வெளியே வரும்போது உள்ளே மிஞ்சியிருப்பது ஒரு 44, ஒரு 61. ஒன்றில் ஏறினால் முழங்கால் தாடையைத் தொடும். மற்றதில் ஏறினால் பெடல் எட்டாது. விற்பவர் மட்டும் சீட்டை ஏற்றி இறக்கிக் காட்டி, "கரெக்டா இருக்கு சார், பழகிடும்" என்பார். பழகாது. இடுப்பு வலிதான் பழகும். அளவு தப்பிய எஸ்எல்8-ஐவிட அளவு சரியான எஸ்எல்6 மேல் என்பதில் இவ்வாய்வாளருக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எனவே 2023 கோடை வழக்கின் முடிபு: கடையில் எஸ்எல்7, 54 அளவில் ஒன்று நின்றிருந்தால் அன்றைக்கே வாங்கியிருக்கலாம். இல்லையேல் எஸ்எல்8 வரும்வரை பொறுத்திருக்கலாம். அப்போது காத்திருப்பது சித்தாந்தத்தால் அன்று, கால் நீளத்தால். 54 இருந்தும் அது கறுப்பில் மட்டும் இருந்து, வாங்குபவர் சிவப்பு கேட்டால், அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.