அத்தைக்கு ஒரு சீரியல் விருத்தாந்தம்

சால்ஃபோர்டு,
இங்கிலாந்து.

அன்புள்ள அத்தைக்கு அநேக நமஸ்காரம். 

“அந்த ஊரில் உட்கார்ந்து அழுவதற்கு ஒரு சீரியலாவது உண்டா?” என்று தாங்கள் கேட்டிருந்ததற்கு, ‘உண்டு, ஆனால் அழமாட்டார்கள்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்றாலும், ‘மெட்டி ஒலி’ சிதம்பரத்தின் ஐந்து பெண்களுக்காகவும் சொந்தப் பெண்களுக்குப் போல மனம் கலங்கிச் சாதம் குழைய விட்ட தங்களுக்கு அது திருப்தியாக இராது என்பதால், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

1960ஆம் வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி ஆரம்பித்து இன்னும் முடிந்தபாடில்லாமல் நடந்துவருகிற ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’ என்னும் தொடர், நான் குடியிருக்கும் இந்தச் சால்ஃபோர்டுத் தெருக்களைப் பார்த்தே, ‘வெதர்ஃபீல்டு’ என்ற கற்பனைப் பெயரில் உண்டாக்கப்பட்டது. அதில் பங்களா கிடையாது. படுக்கப் போகும்போதும் கழற்றாத பட்டுப்புடவையும் அட்டிகையும் கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளும், கோடியில் ‘ரோவர்ஸ் ரிட்டர்ன்’ என்ற மதுக்கடையும்தான் உண்டு. மதுக்கடை என்றதும் தாங்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊரில் குழாயடியிலும் கோயில் வாசலிலும் தீர்த்துக்கொள்கிற வம்புகளையெல்லாம் இவர்கள் அங்கேதான் தீர்த்துக்கொள்கிறார்கள். பின்னணி வாத்தியமும் இல்லை. ஒருத்தி திடுக்கிட்டால் ஒரே தடவைதான் திடுக்கிடுகிறாள். அவள் முகத்தை மூன்று பக்கத்திலிருந்து இடியோசையுடன் காட்டுகிற வித்தை இவர்களுக்கு இன்னும் கைவரவில்லை.

கதாநாயகர் என்று சொல்லத்தக்கவர் கென் பார்லோ. சாப்பாட்டு மேஜைமேல் சாஸ் பாட்டிலை வைக்கிறார்களே என்று பெற்றோரைப் பற்றி வெட்கப்படும் காலேஜ் மாணவராக முதல் நாளே தோன்றிய இவரை, அன்று நடித்த வில்லியம் ரோச்சே தொண்ணூறு வயது தாண்டியும் நடித்துவருகிறார். நடிகரை நமஸ்கரிக்கிறேன், பாத்திரத்தை என்னால் சகிக்க முடியவில்லை. அவ்வளவு படித்தும் அந்தத் தெருவைவிட்டு நகராமல், அங்குள்ள ஒவ்வொருவரையும்விடத் தாம் ஒரு படி உயர்ந்தவர் என்ற நினைப்பை மட்டும் ஆயுள் முழுவதும் காப்பாற்றி வந்த மகானுபாவர் அவர். ஆயினும் அவருடைய விவாக யோகம் விசேஷமானது. 1981 ஜூலையில் டெய்ர்ட்ரி என்பவளை அவர் கைப்பிடித்த இரண்டாம் நாள், யுவராஜா சார்லஸ் டயானாவை மணந்தார். இடையில் பிரிந்து, 2005இல் அதே டெய்ர்ட்ரியை மறுபடி மணந்ததற்கு மறுநாள், அதே சார்லஸ் கமிலாவை மணந்தார். அரண்மனைக்கு முகூர்த்தம் வைத்துக் கொடுப்பவர் இந்தத் தொடரின் கதாசிரியர்தானோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

இந்த இரண்டு முகூர்த்தங்களுக்கும் நடுவே, பெரிய மூக்குக்கண்ணாடி அணிந்த அந்தப் பேதை டெய்ர்ட்ரி, விமானி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனை நம்பினாள். அவன் விமான நிலையத்தில் வேலை பார்த்ததென்னவோ வாஸ்தவம். பார்த்தது டை விற்கிற கடையில். அவன் செய்த மோசடிக்கு 1998இல் இவள் சிறைக்குப் போக, ‘டெய்ர்ட்ரியை விடுதலை செய்’ என்று ஜனங்கள் கிளம்பி, பிரதமர் டோனி பிளேர்கூட அதைப் பற்றி வாய் திறக்கும்படி ஆயிற்று. ‘கோலங்கள்’ அபி பட்ட கஷ்டங்களைப் பார்த்தும் டில்லியில் ஒரு மந்திரியும் அசையவில்லை என்பதை நினைத்தால், எனக்கு இந்த தேசத்தின்மேல் ஒரு மதிப்பு உண்டாகிறது.

என் பக்தியெல்லாம் ஹில்டா ஆக்டனுக்குத்தான். மதுக்கடையைத் துடைத்துப் பெருக்குகிற வேலைக்காரி, தலையில் சுருட்டிய மயிரும் அதன்மேல் ஒரு துணியும், வாயில் ஊர்வம்பு, வீட்டுச் சுவரில் பறக்கும் மூன்று பீங்கான் வாத்துகள், அவற்றில் ஒன்று எப்போதும் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். புருஷன் ஸ்டான் சோம்பேறி. அவனை அவள் திட்டாத நாளில்லை. 1984இல் அவன் செத்துப்போகிறான். சவ அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவனுடைய சாமான் பொட்டலத்தைத் தனியே பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வருகிறது. வீணையில்லை, வயலினில்லை, மாரில் அடித்துக்கொள்வதில்லை. பழைய ஒளிப்பதிவில் அதைப் பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன் என்றால் தாங்கள் நம்புவீர்கள். ஜீன் அலெக்ஸாண்டர் என்ற அந்த அம்மாள் 1987 கிறிஸ்துமஸ் அன்று தொடரைவிட்டு விலகியபோது, 2½ கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்களாம். இந்த ஜனங்கள் தொடர் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. எழுந்துபோய்த் தேநீருக்கு வெந்நீர் வைக்கிறார்கள். வீடுதோறும் ஒரே நிமிஷத்தில் மின்கெட்டில் கொதிக்கும் என்பதால், மின்சார இலாகாக்காரர்கள் தொலைக்காட்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராயிருப்பது வழக்கம்.

தங்களுக்குப் பிடிக்கக்கூடியவள் ஒருத்தி உண்டு: டெய்ர்ட்ரியின் மகள் டிரேசி. சிறுமியாக ‘பாட்டுக் கேட்கிறேன்’ என்று மாடிக்குப் போனால் மாசக்கணக்கில் இறங்கமாட்டாள். இதுவரை நான்கு நடிகைகள் அவளாக நடித்தாயிற்று. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று நம்மவர்கள் போடுகிற மரியாதையான அட்டையைக்கூடப் போடாமல் ஆளை மாற்றிவிடுகிறார்கள். பெற்ற தாயை எடுத்தெறிந்து பேசி, காதலனைக் கொலையும் செய்து ஜெயிலுக்குப் போய், திரும்பி வந்து அதே வீட்டில் அதிகாரம் செய்கிறாள். இவளுக்கு ஒரு காஞ்சிபுரம் புடவையும் கையில் ஒரு சாவிக்கொத்தும் கொடுத்துவிட்டால், நம் ஊரில் எந்த மருமகளும் இவள் வீட்டில் ஒரு வாரம் குடித்தனம் செய்ய முடியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்.