ஐஸ் பார் அங்கிள்

முன்பெல்லாம் ஒரு மனிதர் குளித்தாரா இல்லையா என்பது அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த சமாசாரம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடிகளில் இப்போது அப்படியில்லை. பிளாக்குக்கு ஒருவர் இருக்கிறார். இன்று எத்தனை டிகிரியில் இறங்கினார், எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார், வெளியே வந்ததும் மனம் எப்படித் தெளிந்தது என்பதெல்லாம் காலை ஏழு மணிக்குள் லிஃப்டில் ஏறுகிற பேப்பர் பையன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். குழந்தைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஐஸ் பார் அங்கிள்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பத்தைந்துக்குள். ஐ.டி. கம்பெனியில் பதவி, எந்தப் பதவி என்று வீட்டிலும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ராலுக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி விழுந்த நாளில் மறுபிறவி எடுத்தவர். சைக்கிள் காலம், பேலியோ காலம், சிறுதானியக் காலம், செப்புக்குடக் காலம் என்று அவர் வீட்டுப் பரணைத் தோண்டினால் கீழடி மாதிரி அடுக்கடுக்காக வரும். மேலடுக்கில் இப்போது வந்து சேர்ந்திருப்பவை இரண்டு: ஒரு சானா, ஒரு பனித்தொட்டி.

சானா என்பது ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் இருந்த இடத்தில் நிற்கிற ஆளுயர மரப்பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒருத்தர் உட்காரப் பலகை, சுவருக்குள் இன்ஃப்ராரெட் தகடுகள். ஃபின்லாந்துக்காரர்களின் அசல் சானா பெரும்பாலும் 80 டிகிரிக்குக் குறையாது, 100ஐயும் தொடும், சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்புவார்கள். இந்தப் பெட்டி 60 டிகிரியோடு மூச்சு வாங்கிவிடும், கல்லும் கிடையாது, ஆவியும் கிடையாது. இதை யாராவது எடுத்துச் சொன்னால் அங்கிள் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்து, “இது ஆழமாப் போகும் சார்” என்பார். எவ்வளவு ஆழம் என்பது கரண்ட் பில்லில் தெரிந்தது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின்வாரியம் எந்த வேகத்தில் கையை வைக்கும் என்பது ஊரறிந்தது.

இந்த நகரமே 2003 மே கடைசியில் 45 டிகிரியைத் தொட்டுவிட்டு வந்தது. அதற்கு யாரும் பில் போடவில்லை. மே மாதத்தில் எல்லாப் பேருந்திலும் பயணச்சீட்டோடு சானா இலவசம். அங்கிளின் மனைவிக்கு இதில் தனிக் கருத்து உண்டு. “ஃபேன் போட்டா அடுப்பு அணையுதுன்னு இருபது வருஷமா ஃபேன் இல்லாமத்தான் சமைக்கிறேன். எனக்கு இந்நேரம் நூறு வயசு கேரன்டி” என்பார், தோசையைத் திருப்பிக்கொண்டே.

பனித்தொட்டி பால்கனியில். காற்றடித்து நிமிர்த்துகிற ரகம். அதில் இறங்குவதைவிட அதைக் குளிர வைப்பதுதான் நிஜமான தவம். மொட்டை மாடி சின்டெக்ஸில் நாளெல்லாம் காய்ந்து வருகிற தண்ணீர், கீஸர் வைத்திருப்பவரை முட்டாளாக்குகிற சூட்டில் வரும். தொட்டிக்குள் தனியாக இறங்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை மட்டும் நானும் வழிமொழிகிறேன். திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சு தன்னால் திணறும், ரத்த அழுத்தம் எகிறும். இதயக் கோளாறு உள்ளவர்களும் பி.பி.க்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த விளையாட்டுக்கே வரக்கூடாது. ஆகவே அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பார். அங்கிள் கண்ணை மூடி, இரண்டு நாசியிலும் ஆழ்ந்து மூச்சிழுத்து, ‘நான் அமைதி, நான் ஆற்றல்’ என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே காலை விடுவார். முழங்கால் வரைக்கும் ஆங்கிலம் நிற்கும். இடுப்பு நனைந்ததும் நான்காவது மாடிக்குக் கேட்பது “ஐயோ அம்மா!”

உள்ளேயிருந்து அவருடைய அம்மா, “என்னடா?” என்று குரல் கொடுப்பார். தினமும்.

அங்கிள் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் படிப்பது உண்மை. பாதி வரைக்கும் படிப்பார். நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அவருடைய தேவாரம். வெந்நீர்க் குளியலின் முடிவில் தினமும் அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை பச்சைத் தண்ணீரில் நின்றவர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது 29 சதவீதம் குறைந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவார். நான்காவது மாடிக்குரிய பகுதி என்னவென்றால், அவர்கள் நோய்ப்பட்ட நாட்கள் ஒன்றும் குறையவில்லை. சளி வந்தது வந்ததுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். இதில் சந்தோஷப்பட வேண்டியவர் அங்கிளின் மேனேஜர். அதோடு, அரை நிமிடம் நின்றவருக்கும் ஒன்றரை நிமிடம் நின்றவருக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. குளித்து முடிக்கையில் மண்பானைத் தண்ணீரை நாலு சொம்பு ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் சொம்பைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட முடியாது.

சாயங்காலம் ஜிம்மில் எடை தூக்கிவிட்டு நேராகத் தொட்டிக்கு வருகிற பழக்கமும் அவருக்கு உண்டு. எடைப் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு, 12 வாரக் கடைசியில் தசை குறைவாகத்தான் வளர்ந்திருந்தது என்று ஓர் ஆய்வு 2015லேயே வந்துவிட்டது. கிலோ கிலோவாக இரும்பைத் தூக்கி வளர்த்ததை அன்று மாலையே ஐஸில் கரைக்கிறார் மனுஷர். யார் போய்ச் சொல்வது? சொன்னால் கிழக்கு ஃபின்லாந்தைக் கையில் எடுப்பார். அங்கே 2,315 நடுவயது ஆண்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்ததில், வாரத்துக்கு நாலு தடவையோ அதற்கு மேலோ சானாவுக்குப் போனவர்களுக்கு, ஒரே தடவை போனவர்களைவிட திடீர் இதய மரணம் வெகுவாகக் குறைவு. சத்தியமான ஆய்வுதான். ஆனால் வாரம் நாலு நாள் நிம்மதியாக உட்கார நேரம் கிடைத்தவனுக்கு வேறு என்னென்ன நிம்மதிகள் இருந்தனவோ, அதைப் பெட்டிக்குள் வைத்து விற்க முடியாது.

ஏனென்றால் அந்த ஊரில் சானா என்பது வைத்தியம் இல்லை. சுமார் 55 லட்சம் ஜனங்களுக்கு 30 லட்சம் சானா. 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட வழக்கம். குடும்பத்தோடு, சிநேகிதர்களோடு உட்காருவார்கள். கடிகாரம் பார்க்க மாட்டார்கள். சர்ச்சில் இருப்பதுபோல அடக்கமாக இருக்கணும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். நம்மாள் தனியாக உட்காருகிறார், டைமர் வைக்கிறார், வெளியே வந்து நாளெல்லாம் பேசுகிறார்.

அசல் ஃபின்லாந்து முறை அந்த வீட்டில் நடக்கத்தான் செய்கிறது. நடத்துகிறவர் அங்கிளின் அம்மா. ஐப்பசி அடைமழையில் வடாம் காயவில்லை என்று கவலைப்பட்ட கிழவி, மகன் ஆபீஸ் போனதும் கேபினைத் திறந்து பலகைமேல் வெள்ளை வேட்டியை விரித்தார். பிழிந்து வைத்த வடாம் பளபளவென்று காய்ந்துவிட்டது. மறுநாள் வத்தல். அதற்கடுத்த நாள் பேத்தியின் யூனிஃபார்ம். அன்று மாலை உள்ளே போய்க் கண்ணை மூடிய அங்கிள், பெருங்காய வாசனையில் தியானம் கலைந்து ஏகக் கூச்சல் போட்டார். கிழவியின் பக்கம்தான் நியாயம். அந்தக் காலத்து ஃபின்லாந்துக் குடியானவர்கள் சானாவில் தானியத்தைக் காய வைத்தார்கள், இறைச்சியைப் புகையில் போட்டார்கள், பிரசவம்கூடப் பார்த்தார்கள். குளிப்பது அதன் பல வேலைகளில் ஒன்று. வடாம் பிழிந்த பாட்டி கட்சியில் ஃபின்லாந்தின் ஏழெட்டுத் தலைமுறை நிற்கிறது.

தண்ணீர்ப் பிரச்சினையும் வந்தது. தொட்டி 300 லிட்டர். எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் வருவது லாரியில். அசோசியேஷன் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டினார். அங்கிள் அசரவில்லை. ஃபின்லாந்து ஜனாதிபதி கெக்கோனென் 1960இல் தன் அறுபதாவது பிறந்த நாளுக்கு வந்த குருஷ்சேவை விடிய விடிய சானாவில் உட்கார வைத்துப் பேசித்தான் ஐரோப்பிய வர்த்தகக் கூட்டில் சேரச் சம்மதம் வாங்கினார் என்று சொல்லப்படுகிற கதை அவருக்குத் தெரியும். செக்ரட்டரியை வீட்டுக்கு அழைத்தார். கேபின் ஒற்றை ஆளுக்கு. எனவே செக்ரட்டரி உள்ளே, அங்கிள் வெளியே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று லிட்டர் கணக்கை அவர் விளக்க விளக்க, உள்ளே வேர்த்து விறுவிறுத்து, சட்டையைக் கழற்றவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவர், கதவைத் திறந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். நோட்டீஸ் மறுநாளே காணோம்.

ஐஸ் விஷயத்துக்கு வருவோம். ஃபிரிட்ஜ் கட்டிகளால் ஆகிற காரியமில்லை என்று புரிந்ததும் அங்கிள் ஒரு ராத்திரி எக்ஸெல் ஷீட் போட்டார். 300 லிட்டர், 32 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு. உருகும் வெப்பம், தன்வெப்பம் எல்லாம் பெருக்கிக் கழித்ததில் விடை 73 கிலோ. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவரிடம் சொல்லி வைத்தார். மீன்பாடி வண்டியில் சாக்கு சுற்றிய பார்களோடு ஆள் வந்து இறங்கினார்.

“இன்னா மீனு சார்? வஞ்சரமா?”

“மீன் இல்லப்பா. நான் உட்காரணும்.”

வந்தவர் ஆச்சரியப்படவில்லை. சென்னையில் ஐஸ் போடுகிறவர் எவ்வளவோ பார்த்திருப்பார். அங்கிளை மேலும் கீழும் ஒரு தடவை அளந்தார். “நம்ப வெயிலுக்குக் கிலோவுக்குக் கிலோ போடணும் சார். நீ ஒரு எழுபத்தஞ்சு இருப்பே. எழுபத்தஞ்சு கிலோ போட்டுக்க.”

எக்ஸெல் ஷீட்டோடு நின்றிருந்த அங்கிளுக்கு வாய் அடைத்துப்போனது. வந்தவர் பாரைத் தோளில் ஏற்றி பால்கனிக்குக் கொண்டுபோய், குத்தூசியால் உடைத்துத் தொட்டியில் தள்ளினார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி மெதுவாகக் கேட்டார்.

“ஏம்பா, இதுல இவரு எவ்வளவு நேரம் இருக்கலாம்?”

“நீ பக்கத்துலயே குந்திப் பாத்துனு இரும்மா,” என்றார் அவர், சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. “செவுளு செவப்பா இருக்குற வரிக்கும் ஒண்ணியும் பயமில்ல.”