மகோந்தா: வழி விருத்தாசலம்

கே: எங்க ஊர்க்காரன் எதுக்குங்க ஸ்பானிஷ் இலக்கியம் படிக்கணும்?
(ஒரு வாசகர், கருவேப்பிலங்குறிச்சி)

ப: அதை எழுதியவர்களில் பலர் உங்கள் ஊர் மாதிரி ஊர்க்காரர்கள். நாவலாசிரியர் மார்க்வெஸ் பிறந்த அரகதாகா, கொலம்பியாவின் வாழைத்தோட்டச் சிற்றூர்; அவர் நாவலில் அது மகோந்தா ஆனது. 1945இல் லத்தீன் அமெரிக்காவுக்கு முதல் இலக்கிய நோபலைக் கொண்டுவந்த கப்ரியேலா மிஸ்ட்ரல், சிலியின் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். பெயர்கள்தான் புதுசாக இருக்கும். நாலு பக்கத்தில் பழகிவிடும்.

கே: நவீன ஸ்பானிஷ் இலக்கியம் தொடங்கியது மாட்ரிட்டிலா?
(கல்லூரி மாணவி, விருத்தாசலம்)

ப: இல்லை. 1888இல், சிலியின் வால்பரைசோ துறைமுகத்தில். நிகராகுவாவிலிருந்து வந்த ரூபன் தாரியோ என்ற 21 வயதுப் பையன் 'அசுல்' என்ற சிறு நூலை வெளியிட்டான். கவிதையும் உரைநடையும் கலந்த அந்த நூல் 'மொதர்னிஸ்மோ' இயக்கத்தைக் கிளப்பிவிட்டது. முன்னாள் காலனிக்காரன் ஆண்டவர்களின் மொழியைப் புதுப்பித்தான்.

ஸ்பெயினுக்குச் சூடு விழுந்தது 1898இல். அமெரிக்காவிடம் தோற்று கியூபா, புவர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றையும் பறிகொடுத்தது. அந்த அவமானத்தில் பேனா எடுத்தவர்கள் உனாமுனோ, மச்சாதோ முதலான '98 தலைமுறை'. அடுத்து வந்த '27 தலைமுறை'யில் கவிஞர் லோர்கா இருந்தார். 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலேயே, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியவர்களில் பலர் மெக்சிகோவுக்கும் புவனோஸ் ஐரிசுக்கும் போனார்கள். அப்படிப் போன கத்தலோனியர் ஒருவர் புவனோஸ் ஐரிசில் நடத்திய சுதமெரிக்கானா பதிப்பகம்தான் 1967இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை வெளியிட்டது. லோர்காவைக் கொன்ற போர் விரட்டிய ஒருவர் கையால் மார்க்வெஸ் உலகத்துக்குக் கிடைத்தார். இந்தத் தொடர்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கே: செராமிக் தொழிற்பேட்டையில் வேலை. குண்டுப் புத்தகம் படிக்க நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
(ஒரு தொழிலாளி, விருத்தாசலம்)

ப: மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ எழுதிய 'பெத்ரோ பராமோ', 1955. இரண்டு ராத்திரி போதும். அப்பனைத் தேடி மகன் கொமாலா என்ற ஊருக்குப் போகிறான். வழிகாட்டுபவன், இடம் கொடுக்கும் கிழவி, தெருவில் கேட்கும் பேச்சுக்குரல் என்று ஒவ்வொன்றாகச் சந்திக்கிறான். எல்லோரும் செத்தவர்கள் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது. பண்ணையார் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டதால் பட்டினியில் அழிந்த ஊர் அது.

ருல்ஃபோ டயர் கம்பெனியில் வேலை பார்த்து ஊர் ஊராகச் சுற்றியவர். உங்கள் பக்கத்து மணக்கொல்லையின் கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். ருல்ஃபோவை முடித்த கையோடு குணசேகரனின் 'அஞ்சலை' நாவலை எடுங்கள். ருல்ஃபோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக் காய்ந்த சமவெளிக்கும் நடுநாட்டு முந்திரிக்காட்டுக்கும் தூரம் அவ்வளவு இல்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கே: 'பூம்' நால்வர் என்கிறார்களே, பெண்களே கிடையாதா?
(ஆசிரியை, ஸ்ரீமுஷ்ணம்)

ப: லத்தீன் அமெரிக்க நாவல் உலகப் புகழ் பெற்ற அந்த 'பூம்' அலைக்கு கொர்த்தாசர், ஃபுவெந்தெஸ், வர்கஸ் யோசா, மார்க்வெஸ் என்று பட்டியல் போட்டவர்கள் கண்ணில் பெண்கள் படவில்லை. சிலியின் மரியா லூயிசா பொம்பல் 1938லேயே, சவப்பெட்டியில் கிடக்கும் பெண் தன்னைப் பார்க்க வருபவர்களைப் பார்ப்பதாக நாவல் எழுதிவிட்டார். ருல்ஃபோவுக்குப் பதினேழு வருஷம் முன்னால்! மெக்சிகோவின் எலெனா கர்ரோ 1963இல் எழுதிய நாவலில் ஊரே கதை சொல்கிறது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வர அப்போது நான்கு வருஷம் பாக்கி. அந்த நால்வருக்கும் இலக்கிய முகவராக இருந்து உலகச் சந்தையைத் திறந்துவிட்டவரும் ஒரு பெண்தான்: பார்சிலோனாவின் கார்மென் பால்செல்ஸ்.

கே: மாய யதார்த்தம் என்கிறார்கள். எங்க பாட்டி சொன்ன பேய்க்கதையும் அதுதானே?
(ஒரு வாசகர், பெண்ணாடம்)

ப: பாதிதான் சரி. மார்க்வெஸும் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்தான். ஆனால் 1928 டிசம்பரில் சியெனகாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் அந்தப் பிணங்கள் ரயிலில் போகின்றன. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஊர் சாதிக்கிறது. வானத்துக்குப் பறக்கும் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சுடப்பட்ட கூலிகளை விட்டுவிட்டால் மிஞ்சுவது வேடிக்கைதான். தமிழில் பலர் அதைத்தான் செய்தார்கள். 1985இலேயே 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' எழுதிய தமிழவனை இதில் சேர்க்காதீர்கள்.

கே: உங்க ஊர் இமையமும் மாய யதார்த்தவாதியா?
(ஒரு வாசகி, கடலூர்)

ப: இல்லை. அவருடைய 'கோவேறு கழுதைகள்' நாவலின் நாயகி ஆரோக்கியத்துக்கு மாயம் தேவைப்படவில்லை.

கே: இதெல்லாம் தமிழுக்கு எப்படி வந்தது?
(நூலக வாசகர், கருவேப்பிலங்குறிச்சி)

ப: சிற்றிதழ்க்காரர்களின் கைக்காசில். பிரம்மராஜனின் 'மீட்சி', மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே போட்ட கோணங்கியின் 'கல்குதிரை', சிலிக் கவிஞர் நெரூதாவைத் தமிழாக்கிய சுகுமாரன் என்று நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. இத்தனைக்கும் அந்த நெரூதா 1929இல் தூதரக அதிகாரியாகக் கொழும்பு வெள்ளவத்தையில், தமிழ் காதில் விழும் தூரத்தில் குடியிருந்தவர். ஸ்பானிஷிலிருந்து நேராகத் தமிழுக்கு வருவது இன்னும் அபூர்வமாகவே இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புக்கென்று வருஷத்துக்குப் பத்துப் பேரைப் பயிற்றுவித்தாலும் போதும். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் மொழி ஆசை உள்ளவர் யாராவது இருந்தால், இப்போதே இதைக் காதில் போட்டு வையுங்கள்.