13 வயதில் பாடியது, 78 வயதில் ஜெயித்தது

கே: டிசம்பர் வந்தால் போதும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ‘ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ’ காதில் விழுகிறது. பாடிய பெண்மணிக்கு அப்போது முப்பது வயது இருக்குமா? (நாகர்கோவில் வாசகி)

ப: 13. பெயர் பிரெண்டா லீ, பாடியது 1958இல். ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. அடுத்த வருடம் பாரிஸில் கச்சேரி ஏற்பாடு செய்தவர்களும் குரலைக் கேட்டுப் பெரிய பெண் என்றே நினைத்தார்கள். சிறுமி என்று தெரிந்ததும் பின்வாங்கப் பார்த்தார்கள். மானேஜர் டப் ஆல்பிரிட்டன் அசரவில்லை. ‘அவள் சிறுமியே அல்ல, 32 வயதுக் குள்ளப் பெண்மணி’ என்று பத்திரிகைகளில் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். பரபரப்பானதும் மறுப்பும் கொடுத்தார். புரளி ஒரு செய்தி, மறுப்பு இன்னொரு செய்தி. இரண்டுக்கும் விளம்பரக் கட்டணம் கிடையாது.

கே: ரெக்கார்டிங் அன்று வெளியே நல்ல பனியா?

ப: பனி இல்லை, ஏசி. நாஷ்வில் நகரில் ஓவன் பிராட்லியின் ஸ்டுடியோ. பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஏசியை விறைக்க விறைக்க வைத்து, கிறிஸ்மஸ் மரமும் ஜோடித்து வைத்திருந்தாராம் பிராட்லி. அது கோடைக்காலம் என்பது பிரெண்டாவின் ஞாபகம். அக்டோபர் என்பது ஸ்டுடியோ பதிவேட்டின் ஞாபகம்.

பாட்டு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அடுத்த முறை கடை இரைச்சலில் கேட்காமல் ஹெட்போனில் கேளுங்கள். ஹாங்க் கார்லண்டின் கிடார் கதவைத் தட்டும். நடுவில் பூட்ஸ் ராண்டால்ஃபின் சாக்ஸஃபோன், விருந்தில் கொஞ்சம் அதிகமாகவே குடித்துவிட்ட மாமா போலக் குறுக்கே வந்து ஆடிவிட்டுப் போகும். பின்னணியில் அனிதா கெர் குழுவினர் சமர்த்தாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் மேலே அந்தப் பெண், சில சொற்களின் முனையில் குரலை லேசாக உடைத்து, கரகரப்பைத் தூவிக்கொண்டே போவாள். அந்த உடைசல்தான் பாட்டு என்பேன். மெட்டு சாதாரணம், பின்னால் பாடிய பலரிடம் கேட்டால் தெரியும்.

கே: எழுதியவர் பெரிய பக்திமானோ?

ப: எழுதி மெட்டமைத்த ஜானி மார்க்ஸ் யூதர். கிறிஸ்மஸ் அவர் வீட்டுப் பண்டிகையே இல்லை. பாட்டில் மரம் உண்டு, ஆட்டம் உண்டு, சாப்பாடு உண்டு. தொழுவமும் குழந்தையும்தான் இல்லை. சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் பாட்டும் இவருடையதுதான். அந்த மானை 1939இல் படைத்தவர், மாண்ட்காமரி வார்ட் கடையில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மே. மே-யின் சகோதரியைக் கட்டியவர் மார்க்ஸ். 1949இல் ஜீன் ஆட்ரி பாடி மான் ஓகோவென்று ஓட, மச்சான்கள் இருவருக்கும் நல்ல காலம்.

கே: வந்தவுடனே ஹிட்டா?

ப: ஊத்திக்கொண்டது. 1958இல் சீந்த ஆளில்லை, 1959இலும் அப்படியே. 1960இல் ‘ஐ’ம் சாரி’ அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்து பிரெண்டா நட்சத்திரமான பிறகுதான், ‘இந்தப் பொண்ணு முன்னாடி ஏதோ பாடியிருக்காமே’ என்று ஜனங்கள் தேடினார்கள். அந்த வருடம் 14ஆம் இடம்.

கே: இது ராக் அண்ட் ரோலே அல்ல, கன்ட்ரி இசை என்று என் மகன் சாதிக்கிறான். யார் பக்கம் நீங்கள்?

ப: பாடியவர் பக்கம். 1997இல் கன்ட்ரிக்காரர்களின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2002இல் ராக் அண்ட் ரோல்காரர்களும் சேர்த்தார்கள்.

கே: ‘ஹோம் அலோன்’ படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ப: திருடர்களை ஏமாற்ற, வீட்டில் பெரிய விருந்து நடப்பது போலப் பையன் செட்டப் செய்வானே, அங்கே ஒலிப்பது இதுதான். கயிறு கட்டி ஆட்டும் துணிக்கடைப் பொம்மைகள், பொம்மை ரயிலில் சுற்றி வரும் மைக்கேல் ஜோர்டான் அட்டைப்படம். 1990இல் அதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பாட்டி காலத்துப் பாட்டு சொந்தப் பாட்டாகிவிட்டது.

கே: 65 வருடம் கழித்து ஒரு பாட்டு முதலிடத்துக்கு வருமா? கணக்கில் ஏதோ தில்லுமுல்லு!

ப: தில்லுமுல்லு இல்லை, கணக்கே மாறிவிட்டது. இசைத்தட்டுக் காலத்தில் நீங்கள் கடையில் வாங்கினால் விற்பனையில் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுபோய் முப்பது டிசம்பர் தேயத் தேயக் கேட்டாலும் அது உங்களுக்கும் ஊசிக்கும் உள்ள விவகாரம். இப்போது அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் ஒவ்வொரு தடவையும் பில்போர்ட் பட்டியலுக்குக் கணக்குப் போகிறது. தாத்தா வாங்கிய தட்டுக்குப் பேத்தி வருஷா வருஷம் ஓட்டுப் போடுகிறாள். 2023இல் இசைத்தட்டுக் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. பாட்டுக்கு முதல் தடவையாக வீடியோ எடுத்தது, பிரெண்டாவை டிக்டாக்கில் இறக்கியது. அந்த டிசம்பரில், 79ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு, முதலிடம். அந்தப் பட்டியலின் உச்சியைத் தொட்டவர்களில் அதுவரை மூத்தவர், 1964இல் ‘ஹலோ, டாலி!’ பாடிய 62 வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங். தாத்தாவைப் பாட்டி ஜெயித்தார்.

கே: அதற்கு முந்தைய கிறிஸ்மஸ்களில் தன் பாட்டோடு முதலிடத்தில் உட்கார்ந்திருந்த பாடகி மரியா கேரிக்குக் கோபம் வந்திருக்குமே?

ப: பூங்கொத்து அனுப்பினார். அந்த மாதமே முதலிடத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.