தலைப்பாகைக்குப் பொறுப்பானவன்

பட்டிப்பொல ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதற்கு மேலே ஸ்டேஷன் கிடையாது. தை மாதத்தில் அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒருவன் தலைக்குக் குளிக்கிறான் என்றால், அவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் ஆக வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் குளிக்கிறவனுக்குப் பெயர் மாப்பிள்ளைத் தோழன்.

விறகடுப்பில் கொதிக்கிற அண்டாத் தண்ணீர் மாப்பிள்ளைக்கு. தோழன் வாளிக்கு வரும்போது அதில் சூடு போயிருக்கும், புகைநாற்றம் மட்டும் மிச்சமிருக்கும். பல் கிட்ட வெளியே வந்து, மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட வேண்டும். கொழும்பில் கடையில் நின்று ஆறு வருசமாக ஜீன்ஸைத் தவிர வேறு எதையும் இடுப்பில் ஏற்றாத மாப்பிள்ளை அவன். வேட்டியைச் சுற்றி, மேலே பெல்ட்டை இறுக்கி, "மச்சான், மூச்ச மட்டும் ரொம்ப இழுத்துறாதடா" என்பதுதான் தோழன் அன்று கொடுக்கும் முதல் ஆலோசனை.

சம்பிரதாயப்படி பார்த்தால் இவன் தோழனே இல்லை. நம் வழக்கத்தில் தோழன் என்று மரியாதை செய்வது பெரும்பாலும் பெண்ணின் தம்பிக்கு. வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பான். அதற்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். கண்டிச் சிங்களவர் வீட்டுக் கல்யாணத்திலும் இதே காலும் இதே மோதிரமும் உண்டு. இந்தக் கல்யாணம் நடக்கும் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் வாசலில் செம்போடு நிற்கிற மச்சினனுக்கு ஒன்பது வயசு. மோதிரம் வரும் என்று யாரோ முதல்நாளே சொல்லி வைத்துவிட்டார்கள். வலது காலைக் கழுவிவிட்டுப் பிடித்த பிடியை விடமாட்டான். மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பார், பின்னால் நிற்கிற நம்மாள் சட்டைப்பையைத் தடவுவான். மோதிரம் அங்கே இருக்காது. மேளக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிப்பார். கடைசியில் லேஞ்சியை உதறினால் மோதிரம் விழும்.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சேப்டி பின் ஒரு டசின், சீப்பு, இரண்டு பனடோல், ஐயருக்குத் தட்சணையாக மடித்து வைத்த தாள்கள், வளைவுக்கு வளைவு வேனில் வாந்தி எடுக்கும் அத்தைக்காகச் சித்தாலேப டப்பி, மாப்பிள்ளையின் போன், அந்தப் போனுக்கு வருகிற அழைப்புகள், மாப்பிள்ளையின் அடையாள அட்டை. கடைசியாகச் சொன்னதை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் பதிவாளர் பேனாவை மூடிவிடுவார். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. தோழன் என்று எவரையும் கேட்கவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டிய சித்தப்பா அந்த நேரம் பார்த்து எங்கேயோ போயிருப்பார், நம்மாள் சாட்சியாகிவிடுவான்.

இத்தனைக்கும் இவன் முதல்நாள் தோட்ட வேலையில் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, வந்தவன். கல்யாணத்தன்று பேரே போடவில்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. தோழர்களுக்கு இதுவரை எந்தச் சம்பளச் சபையும் கூடியதாகத் தெரியவில்லை.

சங்க காலத்திலும் இந்த ஜாதிக்குப் பெரிய கவனிப்பு இருந்ததில்லை. தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன். தோழி பேசுகிற பாட்டுகள் ஏராளம். பாங்கனுக்குக் கிடைத்தவை கொஞ்சம். அவனுக்கு வாய்த்த பெரிய வேலை, காதலில் உருகும் தலைவனை இடித்துரைப்பது. இன்றைய தோழனும் இடித்துரைக்கிறான், "சிரிடா, போட்டோ எடுக்கிறாங்க" என்று விலாவில்.

அரண்மனையில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2011 ஏப்ரலில் இளவரசர் வில்லியத்தின் கல்யாணத்துக்குத் தம்பி ஹரிதான் தோழன் என்று உலகத்துக்கே சொன்னார்கள். 2023இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஹரி, அது ஊருக்குச் சொன்ன கதை, உண்மையான தோழர்கள் அண்ணனின் இரண்டு நண்பர்கள் என்று போட்டு உடைத்தார். மேடைக்கு ஒரு தோழன், வேலைக்கு வேறு தோழன் என்கிற ஏற்பாட்டை வின்ட்சர்காரர்கள் தலவாக்கலையில் கற்றுக்கொண்டிருக்க நியாயமில்லை.

போட்டோ விஷயத்தில் மட்டும் நம்மாளுக்கு மனத்தாங்கல் உண்டு. "தம்பி, கொஞ்சம் தள்ளுங்க" என்று படப்பிடிப்பாளர் தள்ளித் தள்ளி, அல்பத்தில் இவன் அரைத் தோளாகவும், குடைபிடித்த கையாகவும், தாலி கட்டும் படத்தில் ஒரு காதாகவும் மட்டுமே பதிவாகியிருப்பான். இவன் முழுசாக விழுந்த படம் ஒன்றுதான்: பந்தியில், வாய் நிறையச் சோற்றோடு.

சாயந்தரம் பொண்ணும் மாப்பிள்ளையும் பூக்கட்டிய காரில் முன்னால் போய்விடுவார்கள். தோழன் வேனில், மிஞ்சிய வாழைத்தாருக்கும் சருவக் குடத்துக்கும் நடுவில். மாப்பிள்ளையின் தலைப்பாகை வாடகைக்கு எடுத்தது. நுவரெலியாக் கடையில் ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும், நசுங்கினால் முற்பணம் போச்சு. சீட்டில் வைத்தால் யாராவது உட்காருவார்கள், மடியில் வைத்தால் அத்தை வாந்தி எடுப்பார். ஆகவே அதற்குப் பத்திரமான இடம் தன் தலைதான் என்று முடிவுசெய்து வைத்துக்கொண்டான். மூடுபனி வேறு இறங்குகிறது, காதுக்கும் கதகதப்பு.

நானுஓயாவில் பிளேன்டிக்கு வேன் நின்றது. கடைக்கார அண்ணன் பட்டுச்சட்டையையும் தலைப்பாகையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணமா தம்பி? நல்லா இருங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்குக் காசு வேண்டாம் என்றார். பொண்ணு எங்கே என்று கேட்டார்.

"முன்னால கார்ல போகுதுங்கண்ணே" என்றான் தோழன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.